பத்திரகாளிக்கு ஒரு பாஸ்போர்ட்

மதுரை மருத்துவமனையில் அந்தப் பெண் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "கணையத்துல கட்டி இருக்கு" என்றார். ரத்தினசாமிக்குக் கணையம் என்றால் என்னவென்று தெரியாது. உடம்பில் அப்படி ஒன்று இருப்பதே அறுபத்தோரு வயதில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அறுத்து எடுத்துரலாமாம்மா?" என்று கேட்டார்.

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். வெளியே பெஞ்சில் அவர் மனைவி பத்திரகாளி மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டு டாக்டர் சொன்னார்: "மூணு மாசம். தாண்டினா நாலு. அவங்க ஆசைப்பட்டதைச் செய்ங்க."

2023 தீபாவளிக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.

அவள் ஆசைப்படுவது என்னவென்று ரத்தினசாமிக்குத் தெரியும். தெரியாதவர்போல இரண்டு நாள் வீட்டுக்குள் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் காலையில், காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, பத்திரகாளியே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, நம்ம ஹரீசு பிள்ளைய ஒருதரம் பாத்துட்டாப் போதும். கையில வாங்கிப் பாக்கணும். போன்லயே எம்புட்டு நாளைக்குப் பாக்க?"

"போன்லயா? நீ எப்பப் பாத்த?"

"பொறந்த அன்னைல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சண்முகத்தாய் போன்ல."

சண்முகத்தாய் பக்கத்து வீட்டுக்காரி. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் பத்திரகாளி அவருக்குத் தெரியாமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அதை இப்போது கொஞ்சமும் பயமில்லாமல் சொன்னாள். ரத்தினசாமி கோபப்பட்டுப் பார்த்தார். கோபம் வரவில்லை.

ரத்தினசாமி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து கலக்கிற அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ இருக்கலாம், மழை மேகம் கூடினால் எந்த அறையை முதலில் காலி செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கை விரல்போலப் பழக்கம். அறைக்குள் செல்போனோடு வந்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மறுநாள் அழுதுகொண்டு வந்தாலும் சேர்க்க மாட்டார். பதினாறு வருஷமாக அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒரு விபத்தும் நடந்ததில்லை. அதைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. அதே பிடிவாதத்தை வீட்டுக்குள்ளும் வைத்திருந்தார்.

ஒரே மகன் ஹரிஷ்குமார். சிவகாசியில் அச்சுத்தொழில் படித்துவிட்டு, சிங்கப்பூரில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலைக்குப் போனவன். 2021-இல் ஒரு நாள் போன் செய்து, கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டப்போவதாகச் சொன்னான். பெயர் மெய்லின். சீனாக்காரி. பத்து வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறாள், அங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி வாங்கியவள்.

சீனா என்ற வார்த்தை ரத்தினசாமிக்கு வேறு மாதிரிக் கேட்டது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன் கள்ளத்தனமாகச் சீனப் பட்டாசு வந்து இறங்கி, ஆர்டர் நின்று, கம்பெனி நாலு மாசம் பூட்டிக் கிடந்தது. தன் கீழே வேலை பார்த்த பெண்கள் கருவேலம் வெட்டப் போனதை அவர் பார்த்திருக்கிறார். சிவகாசி பஸ் ஸ்டாண்டு முன்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று கோஷம் போட்டிருக்கிறார்.

"ஊரே அவுகளாலதான் நாசமாப் போச்சுன்னு நானே கத்தியிருக்கேன்லே. அங்கன இருந்தே பொண்ணு எடுப்பியா நீ?"

"அப்பா, அவளுக்கும் பட்டாசுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

போனை வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு வரச்சொல்லி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடுக்கத் தேவையான தாள்களையெல்லாம் தயார் செய்து வைக்கும்படி சிவபாண்டியிடம் மகன் சொல்லியிருந்தான். சிவபாண்டி பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன். அவன் வீடு தேடிக் கொண்டுவந்த விண்ணப்பங்களை ரத்தினசாமி வாங்கி, அவன் கண்முன்னாலேயே நாலாகக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார். பத்திரகாளி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவரே சிவபாண்டி கடைப் படியேறினார்.

"பிள்ளைகளை வரச்சொல்லணும். என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

சிவபாண்டி பழைய கதையை எடுக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "தம்பிக்கு இந்தியப் பாஸ்போர்ட்டு. பாப்பாவுக்கும் அங்கன தூதரகத்துல பதிஞ்சு நம்ம பாஸ்போர்ட்டுதான் எடுத்துருக்காக. அவுக ரெண்டு பேரும் நெனச்ச நாள் வரலாம். உங்க மருமகளுக்குத்தான் விசா வேணும் அண்ணாச்சி."

"அதான் சிங்கப்பூர்லயே நிரந்தரமா இருக்கான்னு சொல்றாகளே."

"அது சிங்கப்பூருக்குள்ள இருக்கதுக்கு. நம்ம ஊருக்கு வரணும்னா கையில எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோ, அந்த நாட்டு ஆளாத்தான் பாப்பாக. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டு இருந்தா ஆன்லைன்ல போட்டு ஒரு வாரத்துல வந்துரலாம். சீனாப் பாஸ்போர்ட்டுக்கு அந்த வழியெல்லாம் இப்பக் கிடையாது. இந்தியரைக் கட்டுனவுகன்னு தனியாப் போடணும். அதுக்கு டெல்லியில இருந்து சம்மதம் வரணும்."

"எம்புட்டு நாள் ஆகும்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது அண்ணாச்சி."

அன்றிலிருந்து ரத்தினசாமி தாள்களின் பின்னால் ஓடினார். அழைப்புக் கடிதம் வேண்டும் என்றார்கள். சிவபாண்டி எழுதித்தர, கீழே கையெழுத்துப் போட்டார். வருகிற காரணம் என்ற இடத்தில் 'மாமியாரின் உடல்நிலை' என்று இருந்தது. வீட்டு வரி ரசீது, மின்சார பில், அவருடைய ஆதார், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் நோட்டரி வக்கீலிடம் கொண்டுபோய் முத்திரை வாங்கினார். சீசன் உச்சத்தில் இருந்த நேரம். கம்பெனியில் லாரிகள் லோடுக்காக வரிசையில் நின்றன. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் தீபாவளிக்கு முந்தின வாரம் லீவு கேட்டார். முதலாளி ஆச்சரியப்பட்டுப் பார்த்துவிட்டு, காரணம் கேட்காமல் கொடுத்தார்.

அங்கே ஹரிஷ்குமார் திருமணச் சான்றிதழுக்கு முத்திரை, மெய்லினின் வேலைக் கடிதம், அவள் சிங்கப்பூரில் வசிக்கும் அனுமதி, அவளுடைய அப்பா அம்மா பிறந்த ஊர் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து மெய்லினின் பழைய பாஸ்போர்ட்டும் வேண்டும் என்றார்கள். அதையும் கொடுத்தான். அதன்பிறகு ஒரு எண் கிடைத்தது. அந்த எண்ணைத் தட்டினால் 'பரிசீலனையில்' என்று வரும். ரத்தினசாமி தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சிவபாண்டியைத் தட்டச் சொல்வார். தினமும் அதே சொல்தான் வந்தது.

தீபாவளி முடிந்து ஹரிஷ்குமார் மட்டும் பத்து நாள் லீவில் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பத்திரகாளி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை என்று தெரிந்திருந்தும் பார்த்தாள். மகன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். ரத்தினசாமிக்கு இரண்டு வருஷம் கழித்து மகனிடம் பேசிய முதல் வார்த்தையே தப்பாக வந்தது.

"பிள்ளைய மட்டுமாவது தூக்கிட்டு வந்திருக்கலாம்லலே. அதுக்குத்தான் விசா வேண்டாமே."

ஹரிஷ்குமார் நிமிர்ந்து பார்த்தான். "ஏழு மாசப் பிள்ளைப்பா. தாய்ப்பாலத் தவிர எதையும் வாயில வாங்காது. அதுக்கு அம்மா யாருன்னு இன்னும் உங்களுக்குத் தெரியலையா?"

பத்திரகாளி, "சரி விடு ஹரீசு. அவுக கேக்கத் தெரியாமக் கேக்காக" என்றாள்.

பத்தாம் நாள் அவன் போய்விட்டான். பத்திரகாளி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். சேலைக் கொசுவத்தை முன்பைவிட இரண்டு மடிப்பு அதிகம் வைத்துச் செருகினாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று சண்முகத்தாய் சொன்னபோது, "எனக்கு உசுரு வேணும்னு கேட்டா அவளுக்கும் சங்கடம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

டிசம்பர் முதல் வாரம் ஹரிஷ்குமார் போன் செய்தான். குரலில் அவசரம்.

"அப்பா, ஒரு வழி இருக்கு. அவளால நம்ம ஊருக்கு வர முடியல. நீங்களும் இங்க வர்றதுன்னா நாலு மணி நேரம், அம்மா தாங்காது. இலங்கையில இப்ப இந்தியாப் பாஸ்போர்ட்டுக்கும் சீனாப் பாஸ்போர்ட்டுக்கும் ஆன்லைன்லயே விசா குடுக்காக. மதுரையில இருந்து கொழும்பு ஒரு மணி நேரம்தான். நீங்க அம்மாவ அங்க கூட்டிட்டு வாங்க. நாங்க இங்கருந்து வாறோம்."

ரத்தினசாமி அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா?"

"உங்கம்மாவுக்குப் பாஸ்போர்ட்டு இல்லையே ஹரீசு. எனக்கும் இல்ல."

விண்ணப்பத்தை யார் கிழித்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதை மகன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவசரப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டார்கள். போட்ட பிறகுதான் தெரிந்தது, பத்திரகாளிக்கு ஒவ்வொரு தாளிலும் ஒரு பெயர். ஆதாரில் பத்ரகாளி. ரேஷன் கார்டில் பத்திரகாளியம்மாள். வாக்காளர் அட்டையில் கணவர் பெயர் ரத்தினம். ரத்தினசாமி இத்தனை வருஷம் தன் கம்பெனி ரெக்கார்டில் ஒரு எழுத்துப் பிசகினாலும் குதித்தவர். வீட்டுக்காரியின் பெயர் எங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்குமாக ஒன்பது நாள் போயிற்று. அங்கே வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவர்களைத் தள்ளிவிட்டு ஓட வேண்டும்போல அவருக்கு இருக்கும். தள்ளாமல் நின்றார்.

கைரேகைக்கும் போட்டோவுக்கும் பத்திரகாளியை மதுரைக்குக் காரில் படுக்கவைத்துக் கொண்டுபோனார். போட்டோ எடுக்கிற பெண், "கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கம்மா" என்றாள். நிமிர்ந்தாள். அந்தப் படத்தில் அவள் முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று தன் படத்தைத் தானே பார்த்து, "இது யாருங்க, எங்கம்மா மாதிரி இருக்கு" என்றாள்.

ஜனவரி ஐந்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டார்கள். அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. மெய்லின் சிங்கப்பூரை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வருவதற்கென்று தனி அனுமதி உண்டு. அது ஜனவரி இருபதாம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள், இன்னும் வரவில்லை. அந்தத் தேதிக்குள் திரும்பாவிட்டால் பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த வசிப்பு உரிமையே போய்விடும். "அதுனால என்ன, அஞ்சாந் தேதி வந்துட்டு ஒம்பதுல திரும்பிருவோம்" என்றான் ஹரிஷ்குமார்.

மூன்றாம் தேதி காலையில் பத்திரகாளிக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கண் மஞ்சளாகிவிட்டது. பித்தநீர் போகிற பாதை அடைத்துக்கொண்டது என்று மதுரையில் உடனே சேர்த்துக் குழாய் வைத்தார்கள். ஐந்தாம் தேதி விமானம் அவர்கள் இல்லாமல் போயிற்று. ஹரிஷ்குமாரும் அங்கே தங்கள் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டான். அன்று பகல் முழுக்க ரத்தினசாமி மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மேலே ஏதாவது விமானம் போனால் அண்ணாந்து பார்த்தார்.

காய்ச்சல் இறங்கியதும் டாக்டர் அவரை அழைத்தார். "வேண்டாம்னுதான் நான் சொல்லணும். ஆனாலும் சொல்றேன், போறதுன்னா இந்த வாரமே போங்க. அப்புறம் முடியாது. பறக்கலாம்னு எழுதித் தர்றேன். வழியில ஏதாவது ஆனா என்கிட்ட கோபப்படக் கூடாது."

"கோபப்படுற யோக்கியதை எனக்கு இல்லம்மா" என்றார் ரத்தினசாமி.

ஜனவரி பதின்மூன்று. போகிப் பண்டிகைக்கு முந்தின நாள். மதுரை விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்த பெண் டாக்டர் கடிதத்தைப் படித்தாள். சக்கர நாற்காலியில் இருந்த பத்திரகாளியை எட்டிப் பார்த்தாள். கண்ணின் மஞ்சள் இன்னும் போகவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மேலதிகாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த நிலைமையில ஏத்துறது கஷ்டம் சார். கொழும்பு ஆபீசைக் கேக்கணும்."

ரத்தினசாமி வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சியதில்லை. கெஞ்சியவர்களைத்தான் பார்த்திருக்கிறார். அதனால் எப்படிக் கெஞ்சுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயா, அவ சாகப்போறா. எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால பேத்திய ஒருதரம் பாத்துரட்டும்யா" என்றார்.

சொன்ன பிறகுதான் தப்பு புரிந்தது. மேலதிகாரியின் முகம் மாறிவிட்டது. சாகப்போகிறவளை எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்? அவர் கடிதத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "அப்படின்னா சார்..." என்று இழுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள்.

அப்போது பத்திரகாளி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

கைப்பிடியை ஊன்றி எழுந்து, சேலையைச் சரிசெய்து, கவுண்டர்வரை நாலு எட்டு நடந்து வந்தாள். யாரும் பிடிக்கவில்லை.

"தம்பி, இவரு பயந்தவரு. அப்படித்தான் பேசுவாரு. எனக்கு மஞ்சக்காமாலை. யாருக்கும் ஒட்டாது. சிவகாசியில இருந்து இங்கன வர ரெண்டு மணி நேரம் உக்காந்துதானே வந்தேன்? இன்னும் ஒரு மணி நேரம் உக்கார மாட்டேனா?"

அவர் அவளைப் பார்த்தார். டாக்டர் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். போனில் யாரிடமோ பேசினார். அந்த ஐந்து நிமிஷமும் பத்திரகாளி நின்றுகொண்டே இருந்தாள். பிறகு சீட்டில் முத்திரை விழுந்தது. நாற்காலியில் திரும்ப உட்கார்ந்ததும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ரத்தினசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கழுத்தைத் துடைத்தார்.

"என்னைப் பயந்தவன்னு சொல்லிட்டியே" என்றார்.

"பின்ன இல்லையாக்கும்?" என்றாள் அவள்.

கொழும்பு விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நீர்கொழும்பில், ஹரிஷ்குமார் ஒரு கீழ்த்தள வீட்டை நாலு நாளைக்கு எடுத்திருந்தான். வாசலில் மெய்லின் குழந்தையோடு நின்றாள். ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண். பச்சை நிறச் சுடிதார் போட்டிருந்தாள். அது அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பத்திரகாளி காரிலிருந்து இறங்கியதும் கையை நீட்டினாள். குழந்தை ஹர்ஷினி அந்த மஞ்சள் கண்ணைப் பார்த்தது. வீறிட்டு அழுது, தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

இத்தனை பாடும் இதற்காகத்தானா என்று ரத்தினசாமி நினைத்தார். அன்று முழுக்கக் குழந்தை பாட்டியிடம் போகவே இல்லை. பத்திரகாளி கிட்டே போனாலே அழுதது. மறுநாளும் அப்படித்தான். அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, குழந்தை தரையில் தவழ்வதைத் தூர இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்ல, பாத்துட்டேன்ல" என்று சொன்னாள். அதை அவள் சொன்ன விதம் ரத்தினசாமிக்குத் தாங்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

மெய்லின் பாஷை பத்திரகாளிக்குத் தெரியாது. அவள் பாஷை மெய்லினுக்கு நாலைந்து வார்த்தைதான் தெரியும். ஆனால் வந்த முதல் நாளிலிருந்தே மெய்லின் அந்த வீட்டு அடுப்பில் அரிசியைக் குழைய வேகவைத்து, இஞ்சி தட்டிப்போட்டு, கரண்டியால் ஆற்றி ஊட்டினாள். ஒரு மாசமாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்தவளுக்கு அது வயிற்றில் தங்கியது. வாளியில் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டாள். பொங்கலன்று பத்திரகாளி கட்டிலில் இருந்தபடியே கைச்சாடையில் சொல்லச்சொல்ல, மெய்லின் பானையில் பொங்கல் வைத்தாள். பொங்கி வழிந்தபோது ஹரிஷ்குமார் மட்டும் குலவை போட முயன்று இருமினான். பத்திரகாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வலித்தும் சிரித்தாள்.

ரத்தினசாமி மகனிடம் மெல்லக் கேட்டார்: "அவுக அப்பா என்ன தொழில் பாக்காரு?"

"பள்ளிக்கூட பஸ் டிரைவர்ப்பா."

இரண்டு வருஷத்துக்கு மேலாக அவர் மனசுக்குள் பெரிய பட்டாசுக் கம்பெனி ஒன்றைக் கட்டி, அதற்கு அந்த மனுஷனை முதலாளியாக்கி வைத்திருந்தார். பஸ் டிரைவர் என்று கேட்டதும் தலையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் பிற்பகல், மெய்லின் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்து, தூக்கத்திலேயே எடுத்துப்போய்ப் பத்திரகாளியின் பக்கத்தில் கிடத்தினாள். பத்திரகாளி அசையாமல் கிடந்தாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். குழந்தையின் கை தானாக அவள் சேலையைப் பற்றிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம். விழித்தபோது குழந்தை அவள் முகத்தை உற்றுப் பார்த்தது. அழுவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல உதட்டைப் பிதுக்கியது. பிறகு அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. பத்திரகாளிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் கையை விலக்கவில்லை.

அன்று மாலை வெளியில் வேப்பமரத்தடியில் மெய்லின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ரத்தினசாமி அவள் அருகில் போய் நின்றார். மகனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லலாமா என்று நினைத்தார். அது சரியில்லை என்று பட்டது.

"அம்மா, எல்லாம் என் தப்பு" என்றார் தமிழிலேயே.

மெய்லின் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். "தெரியும் மாமா" என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. ரத்தினசாமிக்கு அது நியாயமாகத்தான் தெரிந்தது.

பதினேழாம் தேதி அவர்கள் கிழக்கே பறந்தார்கள், இவர்கள் வடக்கே திரும்பினார்கள். விமான நிலையத்தில் கடைசியாகப் பிரியும் இடத்தில் பத்திரகாளி மெய்லினின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குழந்தையை முத்தமிடவில்லை. "எச்சி பட்டா பிள்ளைக்கு ஆகாது" என்றாள்.

அதன்பிறகு இருபது நாள் இருந்தாள். கடைசி ஐந்து நாள் பேச்சில்லை. பிப்ரவரி ஆறாம் தேதி காலையில் போய்விட்டாள். யாரும் சொல்லாமலே சிவபாண்டி அன்றும் அந்த விசா எண்ணைத் தட்டிப் பார்த்திருக்கிறான். 'பரிசீலனையில்.' ஹரிஷ்குமார் மட்டும் மறுநாள் வந்து கொள்ளி வைத்தான். வீட்டிலிருந்து எடுக்கும் நேரத்தில் ரத்தினசாமி போனைக் கையில் உயரப் பிடித்துக்கொண்டு, பத்திரகாளியின் முகத்தை மெய்லினுக்குக் காட்டியபடி நின்றார். செத்த வீட்டில் என்ன போன் என்று சொந்தக்காரர் ஒருவர் அதட்டினார். ரத்தினசாமி கையை இறக்கவில்லை.

மார்ச்சில் சிவபாண்டி ஆள் அனுப்பினான். விசா விஷயமாகச் சிங்கப்பூரில் ஒரு தாள் கேட்கிறார்கள். பழைய அழைப்புக் கடிதத்தில் இருந்த காரணம் இப்போது இல்லை, புதிதாக எழுதித்தர வேண்டும்.

சிவபாண்டி கணினி முன்னால் உட்கார்ந்து, கையைப் பிசைந்தான். "வாற காரணம்னு என்ன போட அண்ணாச்சி?"

ரத்தினசாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுவிடுவாரோ என்று சிவபாண்டி பயந்தான். அழவில்லை.

"மாமனார் வீட்டுக்கு வாறான்னு போடு. வேற என்ன காரணம் வேணும்?"

மே மாசம் இரண்டாவது வாரம் விசா வந்தது. முப்பது நாள், ஒரு தடவை மட்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் மூன்று பேரும் மதுரையில் வந்து இறங்கினார்கள். பதின்மூன்று மாசத்து ஹர்ஷினி தட்டுத்தடுமாறி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

வந்த மறுநாள் காலையில் மெய்லின், அத்தையை எரித்த இடத்துக்குத் தன்னைக் கூட்டிப்போகச் சொன்னாள். சுடுகாட்டுக்குப் பொம்பளைகள் போகிற வழக்கமில்லை என்று சண்முகத்தாய் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ரத்தினசாமி ஆட்டோவுக்குப் போன் செய்தார்.

அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கருகிய தரை, உடைந்த கலயச் சில்லு, சுவரோரம் கருவேலம். இந்த இடம்தான் என்று ரத்தினசாமி கையைக் காட்டினார். மெய்லின் செருப்பைக் கழற்றினாள். தரை சுட்டது, காலை மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி ரத்தினசாமியிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவள் கையைச் சேர்த்துக்கொண்டு மூன்று தடவை இடுப்புவரை குனிந்து கும்பிட்டாள். குழந்தை அவர் தோளில் கிடந்த துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. வெயில் ஏறுகிறது, போகலாம் என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. துண்டின் ஒரு முனையைக் குழந்தையின் தலையில் போட்டு மூடிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.